ஒரே ராத்திரியில் இத்தனை அஸ்வினியா?



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. போன வருஷம் ஆடி மாதத்தில் நம் ஆலயத்தின் இயங்கலை நன்கொடைப் பக்கம் ஐந்து நாள் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் சிலருக்கு "அனுமதி இல்லை" என்று வந்தது. ஏன் என்று பலர் கேட்டீர்கள், வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொன்னோம். இப்போது வேறு இரண்டு ஆலயத்துத் தொண்டூழியர்களும் "எங்களுக்கும் இதே மாதிரி நடக்குது, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். அதனால் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறோம். எங்கள் தப்பும் இதில் இருக்கிறது. அதையும் எழுதியிருக்கிறோம்.

ஆலயத்தின் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நாங்கள் மூன்று பேர். கணக்கு பார்க்கும் அக்கா வேலை ஓய்வு பெற்றவர். தம்பி பாலிடெக்னிக்கில் கணினி படிக்கிறார். மூன்றாவது ஆள் தொழிற்சாலை சூப்பர்வைசர், படிப்பு எஸ்.பி.எம். வரைதான், வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதைத் தட்டிக்கொண்டிருப்பது அந்த மூன்றாவது கைதான். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிச்சிடுங்க.

ஆடி வெள்ளி அன்னதானத்துக்கு அகப்பக்கத்தில் பணம் கட்டும் வசதி வைத்திருக்கிறோம். பெயர், நட்சத்திரம், தொகை போட்டு கார்டில் கட்டலாம். ஐந்து வெள்ளியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கட்டியவர்கள் பெயரெல்லாம் தானாகப் பட்டியலில் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை அர்ச்சனையில் குருக்கள் அதை வாசிப்பார்.

இரண்டாவது ஆடி வெள்ளிக்கு முந்தின ராத்திரி, எங்கள் மூன்று பேர் கைப்பேசியும் விடாமல் 'டிங் டிங்' என்றது. "நன்கொடை பெறப்பட்டது", "நன்கொடை பெறப்பட்டது" என்று வந்துகொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கு ஒரே சந்தோஷம். அம்பாள் கண் திறந்துட்டா என்று அக்கா குழுவில் கைகூப்பும் படம் போட்டார். நாங்களும் போட்டோம்.

காலையில் பட்டியலை அச்செடுத்துக் குருக்களிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கம் பார்த்தார், அடுத்த பக்கம் பார்த்தார். "என்னப்பா இது? ஒரே ராத்திரியில் இத்தனை அஸ்வினியா?" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். வழக்கமான பெயர்களுக்கு நடுவே 41 பேர். 41 பேருக்கும் அஸ்வினி நட்சத்திரம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாயில் நுழையாத எழுத்துக் குவியல். எல்லோரும் கட்டியது சரியாக ஐந்து வெள்ளி. நட்சத்திரப் பட்டியலில் முதலில் நிற்பது அஸ்வினி. ஆள் உட்கார்ந்து நிரப்பினால் தன் நட்சத்திரத்தைத் தேடி எடுப்பார். நிரப்பியது ஆள் இல்லை. முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டது.

இந்த மாதிரி தானாக இயங்கும் நிரல்களைத்தான் 'பாட்' என்கிறார்கள். சமையல் கட்டில் இதைச் சொன்னபோது ஒரு அம்மா, "பாட்டு வந்தா நல்லதுதானே" என்றார். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று இங்கே தானியங்கி என்றே எழுதுகிறோம்.

அன்று மதியமே பணப்பரிவர்த்தனை நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரே ராத்திரியில் எங்கள் பக்கத்தின் வழியாக 4,000-க்கு மேற்பட்ட கார்டு முயற்சிகள் நடந்திருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே தோல்வி. பணம் போனது அந்த 41 மட்டும். கணக்கை நிறுத்தி வைத்துவிட்டோம், என்ன பாதுகாப்பு செய்தீர்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் திறப்போம் என்றார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கார்டு எண்களைத் திருடி விற்பவர்கள் இருக்கிறார்கள். திருடிய ஆயிரக்கணக்கான எண்களில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குச் சின்னத் தொகை கட்டிப் பார்ப்பார்கள். கடையில் பொருள் வாங்கினால் முகவரி கேட்கும். நன்கொடைப் பக்கம் எதுவும் கேட்காது, ஐந்து வெள்ளியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும். ஓ.டி.பி. இருக்கிறதே என்பீர்கள். எல்லா நாட்டு கார்டுக்கும் எல்லா நேரமும் அது வருவதில்லை. அதனால்தான் கோயில், அனாதை இல்லம், தர்ம அமைப்பு என்று தேடி வருகிறார்கள்.

அந்த 205 வெள்ளியை என்ன செய்வது என்று ஒரு பேச்சு எழுந்தது. அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார். "திருட்டுக் காசு அம்மன் சோத்துல கலக்கக் கூடாது." 41 பேருக்கும் அன்றே திருப்பி அனுப்பினோம். மற்ற ஆலயங்களுக்கும் சொல்கிறோம், உடனே திருப்பி அனுப்புவதுதான் புத்தி. கார்டுக்குச் சொந்தக்காரர் பேங்கில் புகார் கொடுத்தால், பணமும் போய் அபராதக் கட்டணமும் ஆலயத்தின் தலையில் விழும்.

முதல் தப்பு

சனிக்கிழமை முழுக்கத் தம்பி உட்கார்ந்து படிவத்தை மாற்றினார். பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வைத்தார். குறைந்த தொகையை உயர்த்தினார். மூன்று முறை தோற்றால் வெளியே அனுப்பும்படி எழுதினார். கார்டு கட்டும் வழி மூடியிருந்தது, ஆனால் தானியங்கிகள் அதைக் கவனிக்கவே இல்லை, தட்டிக்கொண்டே இருந்தன. ஞாயிறு காலையில் அகப்பக்கம் திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. பூஜை நேரம் பார்க்க வந்தவர்களுக்குக்கூட வெள்ளைத் திரைதான்.

ஏன் என்று தம்பி தலையைப் பிய்த்துக்கொண்டார். தொழிற்சாலையில் நிற்பவருக்கு அது பழக்கமான விஷயம். தப்பான மூலப்பொருளோடு ஒரு லோரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் இருக்கும் ஜாகா டெலிவரி ஆர்டரைப் பார்த்து, சீல் பார்த்து, திருப்பி அனுப்பினால் ஐந்து நிமிட வேலை. உள்ளே விட்டு, இறக்கி, ஸ்டோரில் ஏற்றி, லைனில் போட்ட பிறகு கண்டுபிடித்தால் அந்த ஷிப்டே போச்சு. தம்பி செய்த சோதனையெல்லாம் சரியான சோதனைதான், ஆனால் லைனில் வைத்திருந்தார். ஒவ்வொரு போலி வருகைக்கும் நிரல் எழுந்து, தரவுத்தளத்தைத் திறந்து, பார்த்து, "நீ வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கே அதன் சக்தியெல்லாம் போய்விட்டது.

"அப்படின்னா கேட்டுலயே நிறுத்தணும்ணே" என்றார் தம்பி. ஆமாம், ஆனால் யாரை நிறுத்துவது?

கேட்டுப் புத்தகம்

ஞாயிறு ராத்திரி ஆலய அலுவலகத்தில் தேநீர் போட்டுக்கொண்டு சர்வரின் வருகைப் பதிவைப் படித்தோம். அதுதான் ஜாகாவின் கேட்டுப் புத்தகம். எத்தனை மணி, எந்த ஐ.பி. முகவரி, எந்தப் பக்கத்தைக் கேட்டது, தன்னை யார் என்று சொல்லிக்கொண்டது, எல்லாம் வரி வரியாக இருக்கும். பத்து உண்மையான பக்தர்களின் வரிகளையும் பத்து தானியங்கி வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் தெரிந்தது.

பக்தர் முதல் பக்கத்துக்கு வருவார். அம்பாள் படம் இறங்கும். அன்னதானப் பக்கத்துக்குப் போவார், படிப்பார், நிதானமாகத் தட்டுவார். எப்படியும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். இவை முதல் பக்கத்தைத் தொடவே இல்லை. ஒரு படத்தைக்கூடக் கேட்கவில்லை. நேராகப் பணம் கட்டும் படிக்கு வந்து இரண்டு விநாடிக்கு ஒரு தரம் தட்டின.

எல்லாமே தங்களைக் குரோம் உலாவி என்று சொல்லிக்கொண்டன. அந்தப் பெயர் அவை தாமே எழுதிக் கொடுப்பது. விசிட்டர் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம் இல்லையா? ஆனால் பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது, உலாவி முதலில் ஒரு வணக்கம் சொல்லும். எனக்கு இன்னின்ன மறையாக்க முறைகள் தெரியும் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். குரோமின் பட்டியல் ஒரு மாதிரி, ஒரு சாதாரண நிரலின் பட்டியல் வேறு மாதிரி. அதைக் கைரேகை போல எடுத்துக்கொள்ளும் ஜே.ஏ.3 என்ற முறையை 2017-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். குரோம் என்று சொல்லிவிட்டுக் குரோமின் கைரேகை இல்லாமல் வந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்தது முகவரி. பெரும்பாலானவை டேட்டா சென்டர்களிலிருந்து வந்திருந்தன. நம் ஜொகூரிலேயே எத்தனை டேட்டா சென்டர் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறீர்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் அன்னதானத்துக்குப் பணம் கட்டுவதில்லை. ஆனால் வி.பி.என். போட்டுக்கொள்ளும் நல்லவர்களும் டேட்டா சென்டர் முகவரியில் தெரிவார்கள். வீட்டு இணைய இணைப்புகள் வழியாக ஒளிந்து வரும் தானியங்கிகளும் உண்டு. ஆக, ஒரே ஒரு அடையாளத்தை வைத்து யாரையும் தீர்மானிக்க முடியாது. மூன்று நான்கு சேர்ந்தால்தான் சந்தேகம் பலப்படும்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம், எல்லாத் தானியங்கியும் கெட்டது இல்லை. கூகளில் நம் ஆலயத்தைத் தேடினால் வருவதற்குக் காரணமே கூகளின் தானியங்கி வந்து படித்துவிட்டுப் போவதுதான். எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று அவற்றுக்குச் சொல்ல 'ரோபோட்ஸ்' கோப்பு என்று ஒன்று உண்டு. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த வழக்கம் அது, 2022-இல்தான் முறையான இணையத் தரமாக வெளிவந்தது. ஆனால் அது ஒரு அறிவிப்புப் பலகை மட்டுமே. "செருப்பை வெளியே விடவும்" என்று எழுதி வைத்தால் பக்தன் விடுவான், செருப்புத் திருட வந்தவன் அதைப் படித்துக்கொண்டா நிற்பான்? கூகள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவை உண்மையில் கூகளா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. முகவரியைத் திருப்பித் தேடினால் கூகளின் பெயரில் முடிய வேண்டும், அந்தப் பெயரை மறுபடி தேடினால் அதே முகவரிக்கு வர வேண்டும்.

இதெல்லாம் நம் ஆலயத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைத்தோம். இம்பெர்வா நிறுவனத்தின் 2025 அறிக்கையைத் தம்பி காட்டினார். 2024-இல் இணையப் போக்குவரத்தில் 51 விழுக்காடு தானியங்கிகளுடையது, மனிதர்கள் பாதிக்கும் குறைவு என்று அதில் இருந்தது.

கேட் போட்டோம்

திங்களும் செவ்வாயும் வேலை முடிந்து வந்து கேட் கட்டினோம். கிளவுட்ஃபிளேர் மாதிரி முன்வாசல் சேவைகள் இருக்கின்றன, சின்ன தளங்களுக்கு இலவசத் திட்டமும் உண்டு. ஆலயத்தின் இணையப் பெயரை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டால், வருகிற எல்லாரும் முதலில் அங்கே வந்துதான் நம் சர்வருக்கு வர முடியும். அங்கே சில விதிகள் வைத்தோம். பணம் கட்டும் படிக்கு ஒரே முகவரியிலிருந்து அடிக்கடி வந்தால் "கொஞ்சம் பொறு" என்று 429 என்ற பதில் போகும். சந்தேகமான வருகைக்கு மனிதர்தானா என்று பார்க்கும் சின்னக் கட்டம் வரும். கோணல் எழுத்தைப் படிக்கச் சொல்லும் கேப்சா வேண்டாம் என்று முடிவு செய்தோம். நம்மில் கண்புரைக்குச் சொட்டு மருந்து போடுபவர்கள் நிறைய.

செவ்வாய் ராத்திரி கேட்டைத் திறந்தோம். அப்போதும் தட்டல் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. சர்வரின் பழைய நேரடி முகவரி தானியங்கிகளுக்கு ஏற்கனவே தெரியும். முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டு மடைப்பள்ளிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். முன்வாசல் சேவையின் முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி சர்வரின் தடுப்பில் எழுதினோம், நேரடி முகவரியையும் மாற்றினோம். பதிவு அமைதியாகிவிட்டது. ஒரு விநாடிக்குக்கூட ஓயாத புத்தகத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. புதன்கிழமை நிறுவனமும் கணக்கைத் திறந்துவிட்டது. நாங்கள் ரோட்டி சானாய் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

இரண்டாவது தப்பு

அவசரத்தில் இன்னொரு விதியும் போட்டிருந்தோம். பணம் கட்டும் பக்கத்துக்கு மலேசியாவைத் தவிர வேறு எந்த நாட்டிலிருந்தும் வர முடியாது. ஒரே வரி, உடனே பலன். உள்ளூர்க் கோயில்தானே, வெளிநாட்டுக்காரன் எதற்கு என்று நினைத்தோம். இருப்பது ஜொகூரில் என்பதையே மறந்துவிட்டோம்.

மூன்றாவது ஆடி வெள்ளி. முன்வரிசையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் தவறி முதல் வருஷம், அவர் பெயரில் அன்னதானத்துக்குக் கட்டச் சொல்லி மகனிடம் சொல்லியிருந்தார். மகன் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கைக்கு வேலைக்குப் போகிறவர். குருக்கள் பட்டியலை வாசித்தார். அந்த அம்மா கைகூப்பியபடி ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். வாசித்து முடிந்தது. அவர் வீட்டுக்காரர் பெயர் வரவில்லை.

அவர் எழுந்து போகவில்லை. தீபாராதனை முடிந்து, அன்னதானம் முடிந்து, பாத்திரம் கழுவும் வரை காத்திருந்துவிட்டு அக்காவிடம் வந்து கேட்டார்.

"எங்க மேல ஏதும் குறையாம்மா? தம்பி கட்டிட்டேன்னு சொல்லல, கட்ட முடியலன்னும் சொல்லல. போன் போட்டு நல்லா ஏசிட்டேன்."

அலுவலகத்தில் போய்ப் பதிவைத் திறந்தோம். அந்தத் தம்பி வேலையிடத்துத் தேநீர் இடைவேளையில், சிங்கை சிம்மில், மூன்று தரம் முயன்றிருக்கிறார். 10:04, 10:05, 10:11. மூன்று தரமும் எங்கள் கேட் "அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை, அழைக்க ஒரு எண் இல்லை. தன் கார்டில்தான் கோளாறு என்று நினைத்து, அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார். 4,000 திருட்டு முயற்சிகளைப் பதிவு செய்த அதே புத்தகத்தில், அதே 'தடுக்கப்பட்டது' என்ற சொல்லோடு, ஒரு மகன் தகப்பனுக்குச் சோறு போட வந்ததும் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மகனும் இருந்தார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, வடையும் தேநீரும் கொடுத்தார். மகனைப் பார்த்து, "நான்தான் அவசரப்பட்டு ஏசிட்டேன்" என்றார். எங்களுக்கு வடை இறங்கவில்லை. நான்காவது வெள்ளியன்று அவர் பெயரைத்தான் குருக்கள் முதலில் வாசித்தார். ஆனாலும் அந்த மூன்றாவது வெள்ளியை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது எப்படி வைத்திருக்கிறோம்

நாட்டை வைத்துத் தடுப்பதை எடுத்துவிட்டோம். வெளிநாட்டிலிருந்து வந்தால் மனிதர்தானா என்று பார்க்கும் கட்டம் வரும், தாண்டினால் கட்டலாம். தடுப்புப் பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் காரணம் எழுதி ஆலயத் தொலைபேசி எண்ணைப் போட்டிருக்கிறோம்.

அந்த எண் நான்காவது வெள்ளியே உதவியது. மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த கியூ.ஆர். குறியைக் காட்டிப் பலர் ஒரே நேரத்தில் கட்ட முயன்றார்கள். எல்லோரும் ஆலயத்து வைஃபையில் இருந்ததால் கேட்டுக்கு எல்லோரும் ஒரே முகவரிதான். ஏழாவது ஆளுக்கு "கொஞ்சம் பொறு" என்று போய்விட்டது. அவர் மண்டபத்திலிருந்தே போன் போட்டார், பத்து நிமிடத்தில் சரி செய்தோம். கைப்பேசி நிறுவனங்களும் இப்படித்தான், முகவரிப் பற்றாக்குறையால் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போடுகின்றன. அதனால் இப்போது முகவரியை மட்டும் எண்ணுவதில்லை, தோல்வியடைந்த கார்டு முயற்சிகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம். பக்தருக்கு ஒன்றிரண்டு தோற்கலாம், இருபது தோற்காது.

கேட்ட ஆலயங்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்வது இதுதான்:

- நன்கொடைப் பக்கம் திறக்கும் முன்பே முன்வாசல் சேவையைப் போடுங்கள். அடி வாங்கிய பிறகு வேண்டாம்.
- சர்வரின் நேரடி வழியை மூடுங்கள். இல்லையென்றால் கேட் சும்மா அலங்காரம்.
- புது விதியை முதலில் 'பதிவு மட்டும்' என்று ஓடவிடுங்கள். யாரையெல்லாம் தடுத்திருக்கும் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் பூட்டுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் அந்தத் தம்பியின் மூன்று வரிகள் முன்னாலேயே கண்ணில் பட்டிருக்கும்.
- சந்தேகம் என்றால் துரத்தாதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள். நிச்சயம் என்றால் மட்டும் தடுங்கள்.
- திருட்டு கார்டில் வந்த பணத்தை அன்றே திருப்பி அனுப்புங்கள்.
- தடுக்கப்பட்டவர்கள் பட்டியலை வாரம் ஒரு தரமாவது ஆள் உட்கார்ந்து படியுங்கள். நாங்கள் வியாழன் ராத்திரி படிக்கிறோம், வெள்ளிக்கு முன்னால்.

வியாழன் ராத்திரி அந்தப் புத்தகத்தைப் படிக்க இன்னும் இரண்டு பேர் தேவை. கணினி தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, பொறுமை இருந்தால் போதும். விருப்பமுள்ள பிள்ளைகள் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு.

இன்னொரு சின்ன மாற்றம். நட்சத்திரப் பட்டியலில் இப்போது அஸ்வினிக்கு மேலே "தேர்வு செய்யவும்" என்று ஒரு வரி இருக்கும். உண்மையான அஸ்வினிக்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒரு தரம் கூடுதலாகத் தட்டுங்கள்.

அம்பாள் எல்லோரையும் காக்கட்டும்.